தட்டில் ஒரு காடு

வானளாவ வளரும் மரத்தைத் தட்டில் வளர்க்க இயலுமா? மரம் மட்டுமன்று, ஒரு காட்டையே தட்டில் வளர்க்கலாம். சீனத்தில் தோன்றிய இக்கலை, ஜப்பானில் 'போன்சாய்' என்னும் பெயருடன் சிறந்து விளங்கியது. 'தட்டில் நட்டது' என்பது அச்சொல்லின் பொருள். பல மரங்களைச் சேர்த்துக் காடுபோல் நடும் முறையை ஜப்பானியர் 'யோசெ-உவே' என்பர்.

இம்முறைக்கு ஏற்ற மரங்களுள் ஒன்று ஜப்பானியத் தேவதாரு. பெயர் தேவதாரு எனினும், இது சைப்ரஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. காட்டில் 40 மீட்டருக்கு மேலும் நிமிர்ந்து வளரும். இதன் குட்டை வகைகள் நுண்ணிய இலைகள் உடையவை. ஆதலின் சிறு தட்டிலும் பெருமரத்தின் தோற்றத்தைத் தரும்.

காடு அமைக்கும் முறையைக் காண்போம். அடியில் துளைகள் உள்ள, ஆழமில்லாத அகன்ற தட்டு வேண்டும். துளைகளை வலைத்துண்டால் மூடி, நீர் எளிதில் வடியும் பருமணல் கலந்த மண்ணை இடவேண்டும். கன்றுகள் ஐந்து, ஏழு, ஒன்பது என ஒற்றைப்படையில் இருத்தல் மரபு. உயர்ந்து பருத்த கன்றை நட்டநடுவே நடாமல், சற்று ஒதுக்கி முன்னே நடுக. மெல்லிய சிறு கன்றுகளைப் பின்னும் ஓரத்திலும் நட்டால், காடு தொலைவுவரை பரந்திருப்பதாகத் தோன்றும். இடைவெளிகள் ஒரே அளவாக இருத்தலாகாது. முன்னிருந்து நோக்கும்போது மூன்று மரங்கள் ஒரே நேர்கோட்டில் நிற்றலும் கூடாது.

நட்டபின் சில வாரம் நிழலில் வைத்துக் காக்கவேண்டும். தட்டு ஆழமற்றது, மண் விரைவில் காயும். ஆகவே நாள்தோறும் மண்ணின் ஈரத்தைப் பார்ப்பது இன்றியமையாதது. தளிர் நுனிகளைக் கத்தரியால் வெட்டினால் பழுப்பேறும். விரலால் கிள்ளுவதே நன்று. குளிர்காலம் உள்ள நாடுகளில் வளரும் இம்மரத்திற்கு நம் நாட்டுத் தாழ்நில வெப்பம் ஒவ்வாது. இங்கே சவுக்குக் கன்றுகளைக் கொண்டு இக்கலையைப் பயிலலாம்.

மாணவர்களே! ஒருபுறம் மட்டும் கிளை விட்ட மரம், தனி மரமாக வைக்க அழகு குன்றியது என ஒதுக்கப்படலாம். காட்டிலோ அதுவே தேவைப்படுகிறது. கிளையுள்ள பக்கத்தை வெளிப்புறம் திருப்பிக் காட்டின் ஓரத்தில் நட்டால், அதன் குறை மறைந்து, காட்டின் எல்லைக்கு அழகு சேர்க்கும். சில ஆண்டுகளில் வேர்கள் ஒன்றோடொன்று பின்னி, அனைத்தும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும்.

அமெரிக்காவில் வாழ்ந்த ஜான் நாகா என்னும் போன்சாய் ஆசான், ஜப்பானியத் தேவதாருத் தோப்பு ஒன்றை மனத்திற்கொண்டு, ஜூனிப்பர் மரங்களால் ஒரு காடு அமைத்தார். அவற்றுள் முதல் மரத்தை அவர் பேணத் தொடங்கிய ஆண்டு 1948. ஒரு பேரக்குழந்தைக்கு ஒரு மரமாக, அக்காட்டில் 11 மரங்கள் நின்றன. 'கோஷின்' எனப் பெயரிட்ட அதனை 1984-இல் நன்கொடையாக வழங்கினார். நாகா 2004-இல் மறைந்தார். அவர் நட்ட காடு வாஷிங்டனில் உள்ள அமெரிக்கத் தேசிய மரப்பூங்காவில் இன்றும் பசுமையாக நிற்கின்றது. அவருக்குப்பின் வேறு கைகள் அதற்கு நாள்தோறும் நீர் வார்க்கின்றன.

நட்டவர் ஒருவர், காப்பவர் பலர். பொறுமையும் ஒற்றுமையும் இருப்பின், ஒரு சிறு தட்டிலும் பெருங்காடு வாழும்.