விசிடி, டிவிடி, ப்ளூ-ரே: கடலோர வீட்டுக்கு எந்த டிஸ்க்?

கீழக்கரை, தேவிபட்டினம், தொண்டி, மண்டபம், பாம்பன் என்று ராமநாதபுரம் மாவட்டக் கடலோரத்தில் எந்த ஊரை எடுத்துக் கொண்டாலும், டிவி ஸ்டாண்டின் கீழ்த்தட்டைத் திறந்தால் ஒரு குட்டி டிஸ்க் மியூசியமே இருக்கும். 2000-க்குப் பிறகு வாங்கிய விசிடிகள், ஒரே டிஸ்க்கில் மூன்று படம் என்று அட்டை போட்ட டிவிடிகள், துபாயில் இருந்து மாமா கொண்டு வந்த ப்ளூ-ரே, சிங்கப்பூரில் இருந்து சித்தப்பா கொண்டு வந்த இன்னொரு ப்ளூ-ரே. எது ஓடும், எது ஓடாது என்பது போட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

இணையத்தில்தான் படம் கிடைக்கிறதே, டிஸ்க் எதற்கு என்று கேட்கலாம். இணையத்தில் ஒரு படம் உரிமக் காலம் முடியும் வரைதான் இருக்கும். போன மாதம் பார்த்த படம் இந்த மாதம் காணாமல் போவது உங்களுக்கும் நடந்திருக்கும். டிஸ்க் அப்படிப் போகாது. ஆனால் அது வேறு விதமாகப் போகும், அதுவும் கடல் காற்று அடிக்கும் ஊரில் சீக்கிரமாகவே போகும். எனவே எந்த டிஸ்க்கை வாங்குவது, எதை முதலில் காப்பாற்றுவது என்ற இரண்டு கேள்விகளையும் சேர்த்தே பார்த்து விடுவோம்.

விசிடி

1993-ல் வந்த விசிடி, பாட்டு கேட்கும் அதே சிடியில் எம்பெக்-1 முறையில் சுருக்கிய வீடியோவைப் பதிவது. படத்தின் அளவு 352 x 288 புள்ளிகள். ஒரு டிஸ்க்கில் சுமார் 74 நிமிடம் அடங்கும். இரண்டரை மணி நேரத் தமிழ்ப் படம் இரண்டு டிஸ்க்கில் அடங்காமல் சில சமயம் மூன்றாவதும் தேவைப்பட்டதற்குக் காரணம் இதுதான்.

தரம் குறைவு என்றாலும், விசிடி என்றால் என்ன தரம் என்பதில் குழப்பம் இல்லை. வீடியோவும் ஆடியோவும் சேர்த்து வினாடிக்குச் சுமார் 1.4 மெகாபிட் என்பது எல்லா விசிடிக்கும் பொதுவான கணக்கு. இந்த 1.4 என்ற எண்ணை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள், அடுத்த பகுதியில் தேவைப்படும்.

டிவிடியும் ஒரு சின்னக் கணக்கும்

டிவிடியில் படம் 720 x 576 புள்ளிகள், சுருக்கும் முறை எம்பெக்-2. ஒற்றை லேயர் டிஸ்க்கின் கொள்ளளவு 4.7 ஜிபி, இரட்டை லேயர் என்றால் 8.5 ஜிபி. (4.7 ஜிபி டிஸ்க்கை உங்கள் கம்ப்யூட்டர் 4.37 ஜிபி என்று காட்டும். டிஸ்க் நிறுவனம் ஆயிரத்தால் பெருக்குகிறது, விண்டோஸ் 1024-ஆல் வகுக்கிறது. கடைக்காரர் ஏமாற்றவில்லை.)

2007-ல் மோசர் பேயர் நிறுவனம் விசிடி 28 ரூபாய், டிவிடி 34 ரூபாய் என்று தமிழ்ப் படங்களை விற்க ஆரம்பித்தது. திருட்டு விசிடிக்காரர்களைக் குண்டர் சட்டத்தில் பிடிக்கத் தமிழக அரசு 2004-லேயே சட்டத் திருத்தம் செய்திருந்தாலும், அசல் டிஸ்க்கைச் சாதாரண வீடுகளுக்குள் கொண்டு வந்தது இந்த விலைதான் என்பது என் கருத்து. அந்த நிறுவனத்தைக் கலைத்துக் கடன்களைத் தீர்க்க 2018-ல் உத்தரவானது. அது விற்ற டிஸ்க்குகள் இன்னும் நம் வீடுகளில் இருக்கின்றன.

இப்போது கணக்குக்கு வருவோம். இரண்டரை மணி நேரப் படம் ஒன்றை 8.5 ஜிபி டிஸ்க்கில் தனியாகப் பதிந்தால் வினாடிக்கு 7.5 மெகாபிட் கிடைக்கும். 4.7 ஜிபி டிஸ்க்கில் பதிந்தால் 4.2 மெகாபிட். அதே 4.7 ஜிபி டிஸ்க்கில் மூன்று படங்களைத் திணித்தால்? ஏழரை மணி நேரத்துக்குப் பங்கு போட்டால் கிடைப்பது வினாடிக்குச் சுமார் 1.4 மெகாபிட். அதாவது விசிடியின் அதே அளவு!

இன்னும் சொல்லப் போனால் விசிடியை விட நிலைமை மோசம். அதே அளவு டேட்டாவைக் கொண்டு நான்கு மடங்குக்கும் மேற்பட்ட புள்ளிகளை நிரப்ப வேண்டியிருப்பதால், சண்டைக் காட்சியிலும் கடல் அலை வரும் காட்சியிலும் படம் கட்டம் கட்டமாக உடையும். ஆக, டிவிடி என்று அட்டையில் போட்டிருப்பதை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். ஒரு டிஸ்க்கில் எத்தனை படம் என்று பாருங்கள். ஒரு டிஸ்க், ஒரு படம், இரட்டை லேயர் என்றால் நம்பி வாங்கலாம்.

பாட்டுப் பிரியர்களுக்கு இன்னொரு செய்தி. சினிமா வினாடிக்கு 24 பிரேம்களில் எடுக்கப்படுகிறது. நம் ஊர் பால் முறை டிவிடியில் அது பெரும்பாலும் 25 பிரேமாக ஓட்டப்படும். 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடிந்து விடும். சுருதியைச் சரி செய்யாமல் விட்டிருந்தால் பாட்டும் அரை ஸ்வரத்துக்குச் சற்றுக் குறைவாக உயர்ந்து ஒலிக்கும். என்டிஎஸ்சி முறையில் பதிந்த டிவிடியில் இந்தச் சிக்கல் கிடையாது. லண்டனைச் சேர்ந்த ஐங்கரன் போன்ற நிறுவனங்கள் வெளிநாட்டுத் தமிழர்களுக்காக வெளியிட்ட டிவிடிகள் பெரும்பாலும் என்டிஎஸ்சிதான். ஒரே படம் இரண்டு விதமாகவும் கிடைத்தால் இசைக்காக என்டிஎஸ்சியை எடுங்கள்.

ப்ளூ-ரேயும் மாமா கொண்டு வந்த டிஸ்க்கும்

ப்ளூ-ரே 2006-ல் விற்பனைக்கு வந்தது. அப்போது எச்டி டிவிடி என்ற போட்டி டிஸ்க்கும் இருந்தது. 2008 பிப்ரவரியில் தோஷிபா அதைக் கைவிட்டதும் போட்டி முடிந்தது. சிடியைப் படிப்பது 780 நானோமீட்டர் லேசர், டிவிடிக்கு 650, ப்ளூ-ரேக்கு 405. ஒளியின் அலைநீளம் குறையக் குறைய இன்னும் நுண்ணிய குழிகளைப் படிக்க முடியும் என்பதால் ஒரே அளவு டிஸ்க்கில் 25 அல்லது 50 ஜிபி அடங்குகிறது. படம் 1920 x 1080 புள்ளிகள்.

நம் பக்கத்து வீடுகளில் பிரச்னை தரத்தில் வருவதில்லை, ரீஜன் கோடில்தான் வருகிறது. படக் கம்பெனிகள் உலகத்தைப் பகுதிகளாகப் பிரித்து, ஒரு பகுதியில் விற்ற டிஸ்க் இன்னொரு பகுதியின் பிளேயரில் ஓடாதபடி பூட்டுப் போட்டிருக்கின்றன. ப்ளூ-ரேக்கு மூன்று பகுதிகள். அமெரிக்கா, ஜப்பான், சிங்கப்பூர், மலேசியா எல்லாம் ஏ. ஐரோப்பா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, வளைகுடா நாடுகள் பி. இந்தியா, சீனா, ரஷ்யா சி. இப்போது பாருங்கள்: மாமாவின் துபாய் டிஸ்க் பி, சித்தப்பாவின் சிங்கப்பூர் டிஸ்க் ஏ, மதுரையில் வாங்கிய பிளேயர் சி. சபராளிகள் அதிகம் உள்ள ஊர்களில் மூன்று பகுதி டிஸ்க்கும் ஒரே வீட்டில் சேர்ந்து விடுகின்றன!

எல்லா டிஸ்க்குக்கும் இந்தப் பூட்டு இல்லை. உறையின் பின்பக்கம் சிறிய அறுகோணத்துக்குள் ஏ, பி, சி என்று இருக்கும். மூன்றும் சேர்ந்து இருந்தால் எங்கும் ஓடும். வெளிநாட்டில் இருந்து வருபவர்களிடம் டிஸ்க் வாங்கி வரச் சொன்னால், இந்த அறுகோணத்தைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள், பிறகு பணம் கொடுக்கட்டும்.

டிவிடிக்கும் ரீஜன் உண்டு: இந்தியாவும் இலங்கையும் 5, வளைகுடா 2, சிங்கப்பூரும் மலேசியாவும் 3. தமிழ்ப் பட டிவிடிகள் பெரும்பாலும் எல்லாப் பகுதிக்கும் பொதுவாகவே வந்தன. ஆங்கிலப் படங்களில்தான் பார்க்க வேண்டும். கம்ப்யூட்டர் டிவிடி ட்ரைவில் ரீஜனை ஐந்து முறை மட்டுமே மாற்றலாம், ஐந்தாவது முறை வைத்தது அப்படியே பூட்டிக் கொள்ளும். விளையாட்டாக மாற்றிப் பார்க்காதீர்கள்.

2016-ல் வந்த 4கே அல்ட்ரா எச்டி ப்ளூ-ரேயில் ரீஜன் பூட்டே கிடையாது. வெளிநாட்டு உறவினர் உள்ள வீட்டுக்கு இது பெரிய வசதி. ஆனால் அதன் 3840 x 2160 புள்ளிகள் உங்கள் கண்ணுக்குத் தெரியுமா? 8 அடி தள்ளி உட்கார்ந்தால், சாதாரணப் பார்வை உள்ளவருக்கு 32 அங்குல டிவியின் அகலத்தில் சுமார் 1000 புள்ளிகளைத்தான் பிரித்துப் பார்க்க முடியும். 55 அங்குலத்தில் சுமார் 1700. அதாவது 32 அங்குல டிவிக்கு நல்ல டிவிடியே ஏறக்குறைய போதும், 55 அங்குலத்துக்கு ப்ளூ-ரே வேண்டும், 4கே புள்ளிகளுக்காக மட்டும் செலவு செய்யத் தேவையில்லை. எச்டிஆர் நிற வளம் வேறு விஷயம். அதைக் காட்டும் நல்ல டிவி இருந்தால் 4கே டிஸ்க்கில் வித்தியாசம் தெரியும்.

உப்புக் காற்று

டிஸ்க்கில் லேசர் ஒளியைத் திருப்பி அனுப்புவது பெரும்பாலும் ஒரு மெல்லிய அலுமினியப் பூச்சு. ஈரமும் உப்பும் அலுமினியத்தை அரிக்கும் என்பது நம் ஊர் ஜன்னல் கம்பியையும் பாத்திரத்தையும் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பூச்சு எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் டிஸ்க்கின் ஆயுள்.

சிடியிலும் விசிடியிலும் பூச்சு லேபிள் பக்கம் இருக்கிறது. அதற்கு மேல் வெறும் வார்னிஷ் போன்ற மெல்லிய படலம்தான் காவல். லேபிள் பக்கம் கீறல் விழுந்தால் அதன் வழியே ஈரம் நேராக உள்ளே போகும். அடிப்பக்கக் கீறலை விட இதுதான் ஆபத்து என்பது பலருக்குத் தெரியாது. டிவிடியில் 0.6 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் தட்டுகள் இரண்டை ஒட்டி, பூச்சை நடுவில் வைத்திருக்கிறார்கள். பசை சரியாக இருக்கும் வரை பாதுகாப்பு. பசையும் தயாரிப்பும் சரியில்லாவிட்டால் அதுவும் கெடும்: 2006-க்குப் பிறகு சில ஆண்டுகளில் வெளிவந்த வார்னர் பிரதர்ஸ் டிவிடிகள் சில படிக்க முடியாமல் போனதை அந்த நிறுவனமே 2025-ல் ஒப்புக் கொண்டது. ப்ளூ-ரேயில் டேட்டா அடிப்பக்கத்தில் இருந்து 0.1 மில்லிமீட்டர் ஆழத்திலேயே இருக்கிறது, அதனால் கீறலைத் தாங்கும் கடினமான பூச்சு கொடுத்திருக்கிறார்கள்.

சோதிப்பது எளிது. டிஸ்க்கை டியூப் லைட்டுக்கு எதிரே பிடியுங்கள். ஊசிக் குத்தல் போல வெளிச்சம் தெரிந்தால், அல்லது ஓரம் பழுப்பாகி இருந்தால், அரிப்பு தொடங்கி விட்டது. இரட்டை லேயர் டிவிடி பாதிப் படத்தில், கிட்டத்தட்ட இடைவேளை சமயத்தில் நின்று போனால், லேயர் மாறும் இடத்தில் சிக்கல் என்று அர்த்தம். பிளேயரின் லென்ஸ் அழுக்காக இருந்தாலும் இப்படி நடக்கும். எனவே முதலில் வேறு பிளேயரில் போட்டுப் பாருங்கள்.

டிஸ்க்குகளைப் பிளாஸ்டிக் கவரில் அடுக்காமல் கெட்டிப் பெட்டியில் நிற்க வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக் காலத்தில் உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போட்டால் நல்லது. கடலைப் பார்த்த ஜன்னலுக்குக் கீழே வேண்டாம்.

எந்தப் பிளேயர்?

ப்ளூ-ரே பிளேயர் வாங்கினால் டிவிடியும் ஓடும். விசிடி ஓடுமா என்பது மாடலைப் பொறுத்தது, கடையிலேயே ஒரு விசிடியைப் போட்டுப் பார்த்து வாங்குங்கள். பிளேஸ்டேஷன் 4, டிஸ்க் ட்ரைவ் உள்ள பிளேஸ்டேஷன் 5 இரண்டிலும் ப்ளூ-ரே ஓடும், ஆனால் சிடி வகை டிஸ்க் எதுவும் ஓடாது. சாம்சங் 2019-லும் எல்ஜி 2024-லும் ப்ளூ-ரே பிளேயர் தயாரிப்பில் இருந்து விலகி விட்டதால் தேர்வு குறைவு. வீட்டில் வேலை செய்யும் பழைய டிவிடி பிளேயரை எடைக்குப் போட்டு விடாதீர்கள்.

கம்ப்யூட்டரில் பார்ப்பதென்றால், விசிடிக்கும் டிவிடிக்கும் இலவச விஎல்சி போதும். கடையில் வாங்கிய ப்ளூ-ரே அதில் நேராக ஓடாது, உரிமம் பெற்ற பிளேயர் சாப்ட்வேர் வேண்டும். 4கே டிஸ்க்கைக் கம்ப்யூட்டரில் பார்க்க இன்டெல் பிராசஸரில் இருந்த எஸ்ஜிஎக்ஸ் என்ற வசதி தேவைப்பட்டது. 2021-க்குப் பிறகு வந்த டெஸ்க்டாப் கோர் பிராசஸர்களில் அது நீக்கப்பட்டு விட்டது. எனவே 4கே டிஸ்க்குக்குத் தனி பிளேயரே வழி.

முதலில் காப்பாற்ற வேண்டியது

கடையில் வாங்கிய படம் போனால் தேடினால் இன்னொன்று கிடைக்கலாம். கல்யாண வீடியோ கிடைக்காது. 2000-களில் ஸ்டூடியோக்காரர் கொடுத்த விசிடியும் டிவிடியும் ரைட்டரில் எழுதப்பட்டவை. தொழிற்சாலையில் அச்சடித்த டிஸ்க் போல அவற்றில் குழிகள் இல்லை, சாயப் படலத்தில்தான் பதிவு இருக்கிறது. வெயிலும் ஈரமும் பட்டால் அந்தச் சாயம் மங்கும். வெளிநாட்டில் இருந்த மாப்பிள்ளை வீட்டாருக்கு ஒரு காப்பி அனுப்பி, மிச்சம் ஒன்றே ஒன்று இங்கே இருக்கும் வீடுகள் பல.

விசிடியைக் கம்ப்யூட்டரில் போட்டு எம்பெக்ஏவி என்ற போல்டரைத் திறந்தால் டிஏடி என்று முடியும் பெரிய பைல் இருக்கும். அதை ஹார்ட் டிஸ்க்கில் காப்பி செய்து, பெயரின் கடைசியை எம்பிஜி என்று மாற்றினால் பெரும்பாலான பிளேயர்களில் ஓடும். டிவிடி என்றால் வீடியோ_டிஎஸ் போல்டரை முழுதாகக் காப்பி செய்யுங்கள். விசிடியில் அதிக நேரம் அடக்குவதற்காகப் பிழை திருத்தும் டேட்டாவைக் குறைத்து விட்டார்கள். அதனால் சிறு கீறலுக்கே விண்டோஸ் எர்ரர் காட்டிக் காப்பியை நிறுத்தி விடும். அப்போது ஐசோபஸ்டர் போன்ற சாப்ட்வேரைக் கொண்டு, படிக்க முடியாத பகுதியைத் தாண்டி மீதியை எடுக்கலாம். அதுவும் முடியாவிட்டால் வேறு ட்ரைவில் முயலுங்கள். புது லேப்டாப்புக்கு வாங்கிய யுஎஸ்பி ட்ரைவ் படிக்காத டிஸ்க்கை, மூலையில் கிடக்கும் பழைய டெஸ்க்டாப்பின் ட்ரைவ் படித்து விடுவது உண்டு.