ஸ்னாப்ஷாட் எடுத்தாச்சு, மெயில் பிழைக்குமா?

சொந்தமாக எக்ஸ்சேஞ்ச் மெயில் சர்வர் வைத்திருக்கும் அலுவலகங்களில் பேக்கப் பற்றி விசாரித்தால், "தினமும் ராத்திரி ஸ்னாப்ஷாட் ஓடுதே" என்று பதில் வரும். அந்தப் பதிலுக்குள் சில நம்பிக்கைகள் ஒளிந்திருக்கின்றன. எதுவும் முழுப் பொய்யில்லை. பாதி உண்மையாக இருப்பதால்தான் யாரும் சந்தேகப்படுவதில்லை.

மெயில் மொத்தமும் ஈடிபி என்ற டேட்டாபேஸ் கோப்பில்தானே இருக்கிறது, அதைக் காப்பி எடுத்தால் போதாதா? போதாது. ஒவ்வொரு மாற்றமும் முதலில் ட்ரான்ஸாக்ஷன் லாகில்தான் பதிவாகிறது. ஒவ்வொன்றும் 1 எம்பி அளவுள்ள கோப்புகள். 2007 பதிப்புக்கு முன் 5 எம்பி. ஈடிபி கோப்பில் ஏறுவது அதற்குப் பிறகுதான். பழைய மளிகைக் கடைகளில் சிட்டையில் குறித்துக்கொண்டு, ஆற அமரப் பேரேட்டில் ஏற்றுவார்களே, அதே முறை. சிட்டையை விட்டுவிட்டுப் பேரேட்டை மட்டும் தூக்கிவந்தால் பாதி ஏறிய கணக்குதான் கையில் இருக்கும். எனவே டேட்டாபேஸும் லாகும் வெவ்வேறு டிஸ்க்கில் இருந்தாலும் ஸ்னாப்ஷாட் இரண்டையும் ஒரே நொடியில் பிடித்தாக வேண்டும்.

இதற்காகவே விண்டோஸ் சர்வர் 2003 முதல் விஎஸ்எஸ் என்ற ஏற்பாடு இருக்கிறது. பேக்கப் மென்பொருள் கேட்டதும் எக்ஸ்சேஞ்ச் எழுதுவதை நிறுத்திவைக்கும். படம் எடுத்ததும் மறுபடி தொடரும். அதிகபட்சம் 20 விநாடி பொறுக்கும், தாண்டினால் அந்த பேக்கப் தோல்விதான். எக்ஸ்சேஞ்சுக்குத் தெரியாமல் விர்ச்சுவல் மெஷினை மட்டும் படம் பிடித்தால், திடீரென்று கரண்ட் போய் நின்ற சர்வரின் நிலைதான் கிடைக்கும். பெரும்பாலும் அதுவும் மீண்டுவிடும். ஆனால் பேக்கப் ஆன செய்தி எக்ஸ்சேஞ்சுக்குப் போகாததால் பழைய லாகுகள் அழிக்கப்படாது. அவை குவிந்து டிஸ்க் நிறைந்ததும் டேட்டாபேஸ் டிஸ்மவுண்ட் ஆகிவிடும். தினமும் பேக்கப் எடுத்தும் மெயில் நின்றுபோவது இப்படித்தான்.

ரீஸ்டோர் செய்த கோப்பை எக்ஸ்சேஞ்சின் எஸ்யூடில் கருவியில் பார்த்தால் 'டர்ட்டி ஷட்டவுன்' என்று காட்டும். உடனே கோப்பு கெட்டுவிட்டது என்று பதறுகிறார்கள். ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸிலிருந்து எடுத்த எந்தப் படமும் அப்படித்தான் காட்டும். எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை லாக் வேண்டும் என்பதும் அங்கேயே இருக்கும். அந்த லாகுகளைக் கொடுத்து 'ஆர்' ஸ்விட்ச் போட்டால் சரியாகிவிடும். பதற்றத்தில் 'பி' ஸ்விட்ச் போடுவதுதான் ஆபத்து: சரிசெய்ய முடியாத பக்கங்களை அது தூக்கி எறிந்துவிடும்.

இன்னொரு பதில்: "ரெண்டு சர்வர்ல ரெப்ளிகேஷன் ஓடுதே." அதுவும் போதாது. 2011 பிப்ரவரியில் ஜிமெயில் பயனர்களில் சுமார் 0.02 சதவீதம் பேருக்கு இன்பாக்ஸ் காலியாகத் தெரிந்தது. கூகுள் பல டேட்டா சென்டர்களில் பிரதி வைத்திருந்தும், ஸ்டோரேஜ் மென்பொருளில் புகுந்த ஒரு பிழை பல பிரதிகளையும் பாதித்தது. மெயில்களை மீட்டுக் கொடுத்தது, ஆஃப்லைனில் கிடந்த டேப்.

ஸ்னாப்ஷாட் மெயில் இருக்கும் அதே ஸ்டோரேஜிலேயே கிடந்தால், ஸ்டோரேஜ் போகும்போது அதுவும் போகும். பேக்கப் வேறு சர்வரில் இருந்தாலும், உள்ளே புகுந்தவன் அங்கேயும் போக முடியுமென்றால் அதற்கும் இதே கதிதான். 2001இல் தொடங்கிய விஎஃப்இமெயில் என்ற மெயில் சேவையில் 2019 பிப்ரவரியில் நுழைந்த ஒருவர் சர்வர்களின் டிஸ்க்குகளை ஃபார்மட் செய்தார்; பேக்கப் சர்வரும் தப்பவில்லை. அமெரிக்காவிலிருந்த சர்வர்களின் மெயில்கள் ஏறக்குறைய முழுதாகவே போயின.

பேக்கப் தோல்வியடைந்தால் அலர்ட் வருமே என்பார்கள். கிட்லாப் என்ற மென்பொருள் நிறுவனத்திலும் அலர்ட் இருந்தது. 2017 ஜனவரி 31 அன்று ஒரு பொறியாளர் தவறுதலாக முதன்மை டேட்டாபேஸை அழித்தபோதுதான், அன்றாட பேக்கப் நெடுநாளாகத் தோற்றுவந்தது தெரிந்தது. பேக்கப் கருவி 9.2 பதிப்பு, டேட்டாபேஸ் 9.6; இரண்டும் ஒத்துப்போகவில்லை. தோல்வி பற்றிய மெயில்களை டிமார்க் என்ற அனுப்புநர் சரிபார்ப்புச் சோதனை நிராகரித்துவிட்டிருந்தது! கைகொடுத்தது, வேறொரு வேலைக்காக 6 மணி நேரம் முன்பு எடுத்த டிஸ்க் ஸ்னாப்ஷாட் (எல்விஎம்).

எனவே அலர்ட்டை நம்பாமல் பேக்கப் உண்மையில் மீளுமா என்று சோதித்துப் பார்க்க எக்ஸ்சேஞ்சில் ரெக்கவரி டேட்டாபேஸ் இருக்கிறது. பேக்கப்பை அதில் மவுண்ட் செய்து ஒரு மெயில்பாக்ஸை வெளியே எடுத்து, நேற்று மாலை வந்த மெயில் இருக்கிறதா என்று பார்க்கலாம். அந்த நேரத்தில் மற்றவர்களின் மெயில் வழக்கம்போல ஓடிக்கொண்டிருக்கும்.