சிறு சி. என். சி. பொறிகளிற் புவித்தொடுப்பும் கவசமும்

எண்களாற் கட்டளை பெற்று உலோகத்தைச் செதுக்கும் பொறியொன்று 1952 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மசாசூசெற்சுத் தொழினுட்ப நிறுவகத்திற் காட்டப்பட்டது. பொறியினும் பெரிதாய் இடம்பிடித்த அன்றைய கட்டுப்பாட்டுக் கருவியின் தொழிலை இன்று உள்ளங்கையளவான மின்சுற்றுப் பலகையொன்று செய்கின்றது. ஆகவே, பொழுதுபோக்காக வீட்டிலேயே இத்தகைய பொறியை அமைப்போர் பலராயினர். அன்னோர் சட்டத்திலும் திருகுதண்டிலும் செலுத்தும் கவனத்தைப் புவிக்கம்பியிற் பெரும்பாலும் செலுத்துவதில்லை. அதனால் விளையுங் கேட்டையும் அதனைத் தவிர்க்கும் வழிகளையும் ஈண்டு ஆராய்வாம்.

இரைச்சலின் பிறப்பு

வெட்டுளியைச் சுழற்றும் மோட்டருக்கு மின்னூட்டும் மீடிறன் மாற்றி, 230 உவோற்று ஆடலோட்டத்தை ஏறக்குறைய 325 உவோற்று நேரோட்டமாக்கி, அதனைச் செக்கனுக்குப் பல்லாயிரம் முறை தொடுத்தும் துண்டித்தும் வழங்குகின்றது. அதன் அருகே செல்லும் கட்டளைச் சைகைகளோ பெரும்பாலும் 5 உவோற்றளவினவே. முரசறையும் வீட்டில் மறைபொருள் பேசுவதை இஃது ஒக்கும்.

விளைவை ஒரு கணக்கால் அறியலாம். ஒரு சுற்றுக்கு 200 படியுள்ள மோட்டரின் ஒவ்வொரு படியையும் எட்டாகப் பகுப்பின், சுற்றுக்கு 1,600 துடிப்புகள் வேண்டும். திருகுதண்டு ஒரு சுற்றில் 8 மில்லிமீற்றர் நகர்த்துமாயின், ஒரு மில்லிமீற்றருக்கு 200 துடிப்புகளாம். ஒரே திசையிற் புகும் 200 பொய்த் துடிப்புகள் வேலைப்பாட்டை ஒரு மில்லிமீற்றர் பிறழச் செய்யும். எல்லை ஆளியின் கம்பியிற் பொய்ச்சைகை எழுந்தாலோ, பொறி நடுவழியில் நின்றுவிடும்.

திரும்பும் பாதை

மின்னோட்டம் எதுவும் தான் புறப்பட்ட இடத்துக்குத் திரும்பியே தீரும். நாம் நேரிய பாதை அமைத்துக் கொடாவிடின், அது சைகைக் கம்பிகளின் வழியே தன் பாதையைத் தேடிக்கொள்ளும். எனவே மோட்டரின் உடல், பொறியின் சட்டம், மின்வழங்கி, மீடிறன் மாற்றி என்பவற்றிலிருந்து தனித்தனிக் கம்பிகளைக் கொணர்ந்து பெட்டியிலுள்ள ஒரே புள்ளியிற் பிணைத்தல் வேண்டும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சங்கிலியாகத் தொடுப்பின், ஒன்றின் ஓட்டம் மற்றையதன் அழுத்தத்தைக் குலைக்கும். வர்ணப் பூச்சும் அலுமினியத்தின் மேலுள்ள ஒட்சைட்டுப் படையும் மின்னைக் கடத்தா. தொடுப்பிடத்தைச் சுரண்டியே திருகாணியை முடுக்குக.

கவசம்

1836 ஆம் ஆண்டில் மைக்கேல் பரடே, 12 அடிப் பக்கமுள்ள கூடொன்றைக் கடத்தியாற் போர்த்து, வெளியே பெரும் மின்னேற்றம் இருக்கவும் உள்ளே அதன் விளைவு புலப்படாமையைக் கண்டார். கவச வடத்தின் தத்துவமும் இதுவே. எல்லை ஆளி முதலியவற்றின் வடத்தில், கவசத்தைப் பெட்டியின் பக்கத்தில் மாத்திரம் புவியுடன் தொடுத்தல் பொதுவாக நன்று. இருமுனையும் தொடுப்பின் ஒரு தடம் உண்டாகி, மாறும் காந்தப்புலம் அதில் ஓட்டத்தைத் தூண்டும். காந்தத் தூண்டலுக்குச் சிறந்த மருந்து, போகும் கம்பியையும் மீளும் கம்பியையும் ஒன்றாக முறுக்குதலே. மீடிறன் மாற்றியின் மோட்டர் வடத்துக்கு விதி வேறு. அங்கு உயர்மீடிறன் ஓட்டம் மோட்டரின் உடலிலிருந்து மாற்றிக்குக் கவசத்தின் வழியே மீளவேண்டுமாதலின், இருமுனையும் தொடுத்தல் வேண்டும். இவ்வடமும் சைகை வடமும் அடுத்தடுத்துச் செல்லலாகாது. குறுக்கிட நேரின் செங்கோணத்திற் குறுக்கிடுக.

உயிர்காக்கும் கம்பி

இரைச்சலை ஒழிக்கும் பொருட்டுச் சிலர் செருகியின் புவிக்கம்பியை அறுத்துவிடுகின்றனர். இரைச்சல் சிலவேளை குறையும். ஆயின் காவலி பழுதுறும் நாளிற் பொறியின் உடல் முழுதும் 230 உவோற்று நிற்க, அதைத் தொடுவோன் உடலே திரும்பும் பாதையாகும். கணினியின் இணைப்பால் தடம் உண்டாயின், அவ்விணைப்பில் மின்தனிமையாக்கி ஒன்றை இடுதலே முறை.

நான்கு முனைச் செருகியுள்ள மோட்டர்களிற் சிலவற்றில் நான்காம் முனை உடலுடன் இணைக்கப்படாமலே விற்கப்படுகின்றது. ஆதலின் மின்னைத் துண்டித்தபின், சுவர்ச் செருகியின் புவிமுனைக்கும் மோட்டரின் உடலுக்கும் இடையேயுள்ள தடையை ஓம்மானியால் அளந்து பார்க்க. அது 1 ஓமிலும் மிக்கிருப்பின், குறையைத் திருத்தும்வரை பொறியை இயக்கற்க.