தோட்டப் பயிரின் நோய்க்குறிகள்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

தம்புள்ளைப் பகுதியின் மேட்டுநிலங்களில் பரவலாகக் காணப்படுவது செங்கபில மண். காய்ந்தால் இறுகிப்போகும், நனைந்தால் மண்வெட்டியில் ஒட்டும். மழையின் பெரும்பங்கு ஒக்டோபர் தொடக்கம் ஜனவரி வரை பெரும்போகத்தில் பெய்துவிட, மற்ற மாதங்களில் தோட்டம் கிணற்று நீரையும் வாய்க்கால் நீரையும் நம்பி நிற்கிறது. அதிக ஈரம், கடும் வரட்சி இரண்டையும் ஒரே ஆண்டில் தாங்கும் பயிர்கள் வெவ்வேறு காரணங்களுக்கு ஒரே மாதிரியான குறிகளைக் காட்டுவதுண்டு. குறி தென்பட்டதும் பசளையோ மருந்தோ வாங்கிவரும் பழக்கம் இங்கேதான் பிழைக்கிறது.

நம்பிக்கை: இலை மஞ்சளானால் யூரியா போட வேண்டும்.

நிறத்தை மட்டும் வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. எந்த இலை, இலையின் எந்தப் பகுதி என்று பார்க்க வேண்டும். நைதரசன் குறைந்தால் செடி பழைய இலைகளில் உள்ளதை உறிஞ்சிக் குருத்துக்கு அனுப்புகிறது. அதனால் முதலில் அடியிலைகள் முழுவதுமாக வெளிறும், செடியும் குன்றும். 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்ட பின் வந்த பெரும்போகத்தில் நெல்லிலும் சோளத்திலும் விவசாயிகள் கண்டது இந்த வெளிறலைத்தான். அங்கே யூரியா சரியான மருந்து.

இரும்புச்சத்து அப்படி இடம் மாறாது. அது போதாதபோது அடியிலை பச்சையாகவே இருக்கும். குருத்திலையில் நரம்புகள் மட்டும் பச்சையாக நிற்க, இடைப்பகுதி மஞ்சளாகும். சுண்ணாம்புத் தன்மையுள்ள நீரைத் தொடர்ந்து பாய்ச்சும் நிலத்திலும், நீர் தேங்கும் பாத்தியிலும் இதைக் காணலாம். மண்ணில் இரும்பு இருந்தாலும் வேரால் எடுக்க முடியாத நிலை அது. இதே கோலம் அடியிலைகளில் தெரிந்தால் மக்னீசியக் குறைபாட்டை ஐயுறலாம். வெண்டியில் இதற்கு நேர்மாறாக நரம்புகளே மஞ்சளாகி, இடைப்பகுதி பச்சையாக இருந்தால் அது வெண் ஈ பரப்பும் வைரசு நோய். பசளையால் அது மாறாது. செடியைப் பிடுங்கி அழிப்பதே வழி. காய்த்து ஓய்ந்த செடியில் ஓரிரு அடியிலைகள் பழுப்பதோ வெறும் முதுமை.

தேவையின்றி இட்ட யூரியா வீணாவதோடு நிற்பதில்லை. தளிர் மிருதுவாகிக் கொழுக்க, சாறுறிஞ்சும் பூச்சிகள் அதை நாடி வரும்.

நம்பிக்கை: வாடிய செடிக்குத் தண்ணீர் போதவில்லை.

பூசணியும் கெக்கரியும் உச்சி வெயிலில் இலையைத் தொங்கவிட்டு மாலையில் நிமிர்வது இயல்பு. விடியற்காலையிலும் வாடியே நிற்கும் செடிதான் கவலைக்குரியது. அப்போது விரலளவு ஆழத்தில் மண்ணைத் தொட்டுப் பார்க்க வேண்டும். ஈரம் இருந்தும் செடி வாடுகிறது என்றால் கோளாறு வேரிலோ தண்டிலோ இருக்கிறது.

தக்காளியிலும் கத்தரியிலும் இலை பச்சை மாறாமலே ஓரிரு நாளில் செடி சாய்ந்தால் பக்டீரியா வாடல் நோயை ஐயுறலாம். இதைச் சோதிக்கக் கருவி எதுவும் தேவையில்லை. மண் மட்டத்துக்குச் சற்று மேலே தண்டில் ஒரு சிறு துண்டை வெட்டி, தெளிந்த நீருள்ள கண்ணாடிக் குவளையில் வெட்டுமுகம் நீரைத் தொடும்படி ஆடாமல் பிடிக்க வேண்டும். சில நிமிடங்களில் வெட்டுமுகத்திலிருந்து பால் நிறத்தில் மெல்லிய இழை கீழ்நோக்கி இறங்கினால் நோய் அதுவே. அத்தகைய செடிக்கு நீர் பாய்ச்சினால் கிருமி பக்கத்துச் செடிக்குப் போகும். வேர் மண்ணோடு தோண்டி அகற்ற வேண்டும். வாய்க்காலில் எறிவது மிகப் பெரிய தவறு. அந்த இடத்தில் அடுத்த போகம் சோளம் போன்ற வேறு குடும்பப் பயிரை நடலாம்.

நம்பிக்கை: மிளகாய் இலை சுருண்டால் பூச்சிமருந்து அடித்தால் சரியாகும்.

சுருளலில் குறைந்தது மூன்று வகை உண்டு. இலை விளிம்பு மேல்நோக்கி மடிந்தால் பனிப்பூச்சி. கீழ்நோக்கி மடிந்து, இலை ஒடுங்கி, காம்பு நீண்டால் சிற்றுண்ணி. குருத்தை வெள்ளைத்தாளின்மேல் தட்டினால் பனிப்பூச்சிகள் மஞ்சள் கீறல்களாக ஓடுவதைக் காணலாம். சிற்றுண்ணிக்கு உருப்பெருக்கிக் கண்ணாடி வேண்டும். அது பூச்சி இனமே அல்ல என்பதால் பூச்சிமருந்துகள் பலவற்றுக்கு அது சாவதில்லை. அதைத் தின்னும் உயிர்கள்தான் சாகின்றன. இலை சிறுத்து, சுருக்கம் விழுந்து, செடியே குட்டையானால் வைரசு. அதற்கு மருந்தே கிடையாது.

பெரிய வெங்காயத்திலும் இதே குழப்பம் உண்டு. தாளில் வெள்ளிக் கோடுகள் பனிப்பூச்சியின் வேலை. மழைக்குப் பின் தாள் முறுகிச் சுருண்டு, குழிந்த வெளிறிய புள்ளிகள் தெரிந்தால் அது பங்கசு நோய்.

நம்பிக்கை: நண்பகலில் நீர் தெளித்தால் துளிகள் இலையைச் சுட்டுவிடும்.

ஹங்கேரிய ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வின்படி வழுவழுப்பான இலையில் நீர்த்துளியால் தீப்புள்ளி விழுவதில்லை. மெழுகு மயிர்கள் துளியைத் தூக்கிப் பிடிக்கும் இலைகளில் மட்டுமே அது நடக்கலாம். நண்பகல் நீர் ஆவியாகி வீணாகும் என்பது வேறு விடயம்.

நம்பிக்கை: செடியில் பூச்சி இருந்தாலே ஆபத்து.

2008இல் இலங்கையில் கண்டறியப்பட்ட பப்பாசி வெண்மூட்டுப்பூச்சி பல பயிர்களிலும் வெண்பஞ்சாகப் படர்ந்தது. அடுத்த ஆண்டு வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட மிகச் சிறிய ஒட்டுண்ணிக் குளவியே அதைக் கட்டுப்படுத்தியது. வெண்பஞ்சுக்கு நடுவே உப்பி, இறுகி, ஒரு துளையோடு கிடக்கும் உடல்கள் குளவி வெளியேறிய அடையாளம். அவற்றைக் கண்டால் மருந்துத் தெளிப்பானை எடுக்காமல் விடுவது நல்லது. அழுக்கணவன் கூட்டத்துக்கு நடுவே திரியும், முள் போன்ற மயிருள்ள கரிய புழு பெரும்பாலும் பொறிவண்டின் குஞ்சு, அதுவும் காவலாளியே.

நம்பிக்கை: வேரில் முடிச்சு இருந்தால் நோய்.

பயற்றை, போஞ்சி வேர்களில் விரலால் தள்ளினால் கழன்று விழும், உள்ளே இளஞ்சிவப்பான முடிச்சுகள் நைதரசன் சேர்ப்பவை. வேரே வீங்கித் தடித்து, கழலாமல் இருந்தால் அது வட்டப்புழுத் தாக்கம்.

தோட்டத்தில் முடிவுக்கு வர முடியாதபோது விவசாயப் போதனாசிரியரை நாடலாம். விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்திலும் கேட்கலாம். ஒற்றை இலையைக் கிள்ளிக்கொண்டு போவதால் பயன் குறைவு. நோய் தொடங்கிய நிலையிலுள்ள முழுச் செடியை வேரோடு தோண்டி, கடதாசியில் சுற்றி, அதே நாளில் கொண்டுசெல்ல வேண்டும். பாதிப்பு திட்டுத்திட்டாக உள்ளதா, வரம்போரமா, தோட்டம் முழுவதுமா, கடைசியாக என்ன இட்டார்கள், என்ன அடித்தார்கள் என்ற விவரங்களையும் சொல்ல வேண்டும்.