சாப்ட்வேருக்கு முன் ஒரு தாள்

கடைக்குக் கம்ப்யூட்டர் வந்துவிட்டால் கணக்குத் தொல்லை தீர்ந்தது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். ஆனால் கம்ப்யூட்டர் சொன்னதை மட்டுமே செய்யும்; சொல்லாமல் விட்டதை ஊகித்துக்கொள்ளாது. ஆகவே சாப்ட்வேர் எழுதச் சொல்லுமுன் நம் கடையின் வேலையைப் பிரித்துத் தாளில் எழுதிக்கொள்ள வேண்டும்.

ஏனாத்தூர்ப் பக்கத்து வணிகர்களுக்கு உத்திரமேரூர்க் கல்வெட்டு தெரியும். முதல் பராந்தக சோழன் காலத்தில் குடவோலை எடுக்குமுன் யார் தகுதி உள்ளவர், கணக்குக் காட்டாதவர் போல யார் விலக்கப்படுவர், ஓலையை எப்படி எடுப்பது என்று ஒவ்வொன்றாக வகுத்தார்கள். 919-இல் வயது வரம்பு 30 முதல் 60. 921-இல் அதையே 35 முதல் 70 என்று திருத்தினார்கள். வரம்பு மாறியது, குடவோலை முறை நிலைத்தது.

நம் கடை அரிசியைப் பார்ப்போம். 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை பாக்கெட் போட்டு லேபிள் ஒட்டிய அரிசிக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்தது. சில்லறையாக நிறுத்துக் கொடுத்தால் வரி இல்லை. ‘அரிசி’ என்று ஒரே பெயரில் பதிந்தால் பில் தவறும். வரி நம் கையைக் கடிக்கும்.

2025 செப்டம்பர் 22 அன்று குளியல் சோப்பு வரி 18-இலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. செப்டம்பர் 10-ஆம் தேதி பில் போட்ட சோப்புப் பெட்டி 25-ஆம் தேதி திரும்பி வந்தால், பழைய 18 சதவீதத்திலேயே கழிக்க வேண்டும். பழைய வரியை அழித்துப் புதியதை எழுதும் சாப்ட்வேர் இங்கே தடுமாறும். வரியோடு அது அமலான தேதியையும் வைத்திருந்தால் தொல்லை இல்லை.

தாளில் எழுத வேண்டியவை:

1. சரக்கு எந்த அளவில் வருகிறது, எந்த அளவில் போகிறது? மூட்டையா, கிலோவா?
2. வழக்கத்துக்கு மாறாக நடப்பவை எவை? கடன், பாதிப் பணம், திரும்பி வரும் சரக்கு, ஒரே பொருளுக்கு இரண்டு விலை.
3. அடிக்கடி மாறுபவை எவை? விலை, வரி, கழிவு.
4. கடை சாத்தும்போது நமக்கு என்னென்ன தெரிய வேண்டும்? இருப்பு, ரொக்கம், யாரிடம் எவ்வளவு பாக்கி.

எழுதி முடித்ததும் கூட்டம் மிகுந்த ஒரு நாளின் சிட்டையை எடுத்து, அதிலுள்ள ஒவ்வொரு வரவும் செலவும் இந்தத் தாளில் அடங்குகிறதா என்று பாருங்கள். அடங்காத ஒன்று இருந்தால் தாளைத் திருத்துங்கள். தாளில் திருத்த ஒரு பேனா போதும். சாப்ட்வேர் வந்த பிறகு திருத்தப் பணமும் நாளும் ஆகும்.