இலைகள் நிறம் மாறுதல்: பருவமா, பூச்சியா?

குளிர் மிகுந்த கானடா, ஜப்பான் முதலிய தேசங்களில் மேப்பிள் மரங்கள் இலையுதிர் காலத்தில் செந்நிறமும் பொன்னிறமும் அடைகின்றன. நம் கிராமங்களிலும் நாட்டுவாதுமையின் அகன்ற இலைகள் உதிருமுன் சிவந்து விடுவதை யாவரும் கண்டிருப்பர். அங்கே பகற்பொழுது குறைவதும் குளிரும் காரணம். இங்கே பெரும்பாலும் மழை ஓய்ந்தபின் வரும் வறட்சியே காரணம்.

இது நோயன்று. இலை முதிர்ந்ததும் மரம் அதிலுள்ள தழைச்சத்திலும் மணிச்சத்திலும் பெரும்பகுதியைக் கிளைகளுக்கு மீட்டுக்கொள்கிறது. அப்போது பச்சையம் சிதைய, முன்னமே மறைந்திருந்த மஞ்சள் வெளிப்படுகிறது. சிவப்போ புதிதாக உண்டாவது. ஆகவே இத்தகைய மரத்தைப் பட்டுப்போனதென்றெண்ணி வெட்டுதல் தவறு. உதிர்ந்த சருகைக் கொளுத்தாமல் எருக்குழியில் இடுவதே உசிதம்.

ஆனால் அரியலூர் ஜில்லா ஆண்டிமடம் பகுதியின் செல்வமாகிய முந்திரிக்கு இவ்விதி பொருந்தாது. முந்திரி என்றும் பசுமை மாறாதது. அதன் இளந்தளிர் செம்பு நிறமாயிருப்பது இயல்பே. முதிர்ந்த இலைகள் சிற்சில மஞ்சளித்து உதிர்வதும் இயல்பே. மரம் முழுவதும் மஞ்சளித்து, இலை கொட்டி, கிளைகள் காயுமாயின் அது பருவத்தின் அழகன்று, அபாயக் குறி. உடனே அடிமரத்தைச் சோதிக்க வேண்டும். சிறு துவாரங்களும், பிசின் கசிவும், மரத்தூள் போன்ற கழிவும் காணப்பட்டால், தண்டு மற்றும் வேர் துளைக்கும் வண்டின் புழு உள்ளே இருக்கிறதென்று அறியலாம். தாய் வண்டு அடிமரத்துப் பட்டையின் வெடிப்புகளிலும், வெளியே தெரியும் வேர்களிலும் முட்டையிடும். புழு பட்டையின் உட்புறத்தைக் குடைந்து தின்பதால் சாறோட்டம் தடைப்பட்டு மரம் மாள்கிறது.

இலை மஞ்சளிக்கும்வரை காத்திருப்பது பெரும்பாலும் காலங்கடந்ததாகும். ஆதலால் தோட்டக்காரர்கள் அடிமரத்தை அடிக்கடி பார்வையிடுவது அவசியம். தொடக்கத்திலேயே பட்டையை உளியால் சீவிப் புழுக்களைப் பொறுக்கி அழிக்க வேண்டும். தார் ஒரு பங்கும் மண்ணெண்ணெய் இரண்டு பங்கும் கலந்து அடிமரத்தில் பூசலாம். முற்றும் பட்ட மரங்களை வேரோடு அகற்றி எரித்துவிட வேண்டும். அவற்றை வரப்பில் அடுக்கி வைத்தால் வண்டு அண்டைத் தோட்டத்திற்கும் பரவும்.

ஒருவர் மாத்திரம் முயன்று பயனில்லை. ஊரார் யாவரும் ஒருங்கே இதனைச் செய்யும்படி கிராம அதிகாரிகள் எடுத்துரைப்பாராயின், பல ஆண்டுப் பலன் தரும் மரங்கள் காப்பாற்றப்படும்.