பாயிரமும் சுவரொட்டியும் : திரைப்பட விளம்பரத்தின் மொழி

ஆத்தங்குடிக்கு எம் துறை முதுகலை மாணவர்களைச் சென்ற ஆண்டு ஒருநாள் அழைத்துச் சென்றிருந்தோம். செட்டிநாட்டு மாளிகைகளின் தரையை அணிசெய்யும் ஆத்தங்குடிக் கல் எவ்வாறு உருவாகிறது என்பதை அவர்கள் நேரிற் காண வேண்டும் என்பது எம் விருப்பம். கண்ணாடித் தகட்டின்மேல் சட்டத்தை வைத்து, அச்சின் கண்ணறைகளில் வண்ணங்கலந்த சிமென்டுக் குழம்பை ஒவ்வொரு நிறமாக ஊற்றி, பின் அச்சை எடுத்துவிட்டு மணலும் சிமென்டும் இட்டு நிரப்புகிறார்கள். நீரில் ஊறி உலர்ந்தபின் கண்ணாடியைப் பிரித்தால், மெருகு ஏற்றாமலே முகம் பார்க்கலாம் போன்ற பளபளப்பு. மாணவர்கள் வியந்து நின்றனர்.

ஒரு மாணவர் மட்டும் அங்கில்லை. தேடியபோது, எதிர்ச்சுவரில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டப்பட்டுக் கிழிந்து தொங்கிய திரைப்படச் சுவரொட்டிகளைக் குறிப்பேட்டில் எழுத்துவிடாமல் பெயர்த்து எழுதிக்கொண்டிருந்தார். சுவரொட்டிகளின் மொழியையே தம் ஆய்வேட்டுக்குப் பொருளாகக் கொள்ள விரும்புவதாகச் சொன்னார். செய்தி எப்படியோ எங்கள் ஜமாஅத்துப் பெரியவர் ஒருவர் காதுக்கு எட்டியது. என்னிடம் மிக மரியாதையாகவே கேட்டார்: "பேராசிரியர் தம்பி, சீறாவும் குணங்குடியார் பாடலும் இருக்கையில் பிள்ளைகள் இதைப் படிக்கத்தான் வேண்டுமா?" அவ்வினாவுக்கு அன்று நான் சொன்ன விடை எனக்கே நிறைவளிக்கவில்லை. இக்கட்டுரை அவ்விடையின் தொடர்ச்சி எனக் கொள்க.

முரசும் துண்டறிக்கையும்

மக்களைத் திரட்டுவதற்காக ஊரறியச் செய்தி சொல்லும் மரபு தமிழுக்குப் புதிதன்று. மணிமேகலையின் முதற்காதைக்கே விழாவறை காதை என்று பெயர். யானையின் பிடரியில் முரசத்தை ஏற்றி, இந்திர விழா வருகிறது என்று புகார் நகரில் அறைகின்றனர். எவ்வெவ்விடத்தை எவ்வாறு அணிசெய்ய வேண்டும் என்பதும் அவ்வறிவிப்பிலேயே அடங்கியிருக்கிறது. யானை போய் மாட்டுவண்டி வந்தது. முரசம் போய்த் தண்டோராவும் பின் ஒலிபெருக்கியும் வந்தன. வண்டியின் இருபுறமும் தட்டிகளைச் சாய்த்து, துண்டறிக்கைகளை அள்ளி வீசிக்கொண்டு போன காலத்தை மூத்தோர் நன்கறிவர்.

எங்கள் வீட்டில் கொட்டகைக்குச் செல்லும் வழக்கம் இல்லை. ஆயினும் அத்துண்டறிக்கை எங்கள் வாசலிலும் விழும். என் நன்னிமா அதைக் கையில் வாங்காமலே, "என்னடா எழுதியிருக்கான், படி" என்பார்கள். இளஞ்சிவப்புத் தாளில் கலங்கிய எழுத்துகளைக் கூட்டிப் படித்தே எனக்கு வாசிப்புச் சரளமாயிற்று. ‘இன்றுமுதல்’, ‘தினசரி 2 காட்சிகள்’, ‘மற்றும் பலர் நடித்த’, ‘பெண்களுக்குத் தனி இடவசதி உண்டு’ என்னும் தொடர்கள் பாடநூலுக்கு முன்பே எனக்கு மனப்பாடம். எத்தனையோ படங்களை அவ்வாறு பாராமலே அறிந்தோம். இதனை இங்குச் சொல்வதற்குக் காரணம் உண்டு, பின்னர் வருகிறேன்.

துண்டறிக்கையின் உடன்பிறப்பு பாட்டுப்புத்தகம். சில தாள்களே கொண்ட அச்சிறு நூல் கொட்டகை வாயிலில் மலிவு விலைக்கு விற்கப்பட்டது. நடிகர் பட்டியல், பாடல்கள், கதைச்சுருக்கம் ஆகியவை அதில் இருக்கும். கதைச்சுருக்கத்தின் அமைப்பை மாணவர்கள் ஊன்றி நோக்க வேண்டும். தலைவியைக் கயவன் கவர்ந்து செல்வான், தலைவன் சிறைப்படுவான், அவ்விடத்தில் உரைநடை நின்று, ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று முடியும். அறியும் வேட்கையைத் தூண்டி, அதனைத் தணிக்காமல் விடுவதே விளம்பரக் கலையின் உயிர். இன்றைய முன்னோட்டங்கள் பெரும்பொருட்செலவில் செய்வதைப் பெயரறியாத ஒருவர் அன்று ஒற்றைத் தொடரில் செய்துவிட்டார்.

காரைக்குடி தந்த முன்மாதிரி

விளம்பரத்தின் ஆற்றலை நன்குணர்ந்தவர் நம் வட்டாரத்தவரே. காரைக்குடியில் 1907ஆம் ஆண்டு பிறந்த ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் படமெடுக்கப் புகுமுன் இசைத்தட்டு வணிகர். சரஸ்வதி ஸ்டோர்ஸ் என்னும் நிறுவனத்தின்வழி இசைத்தட்டுகளை விற்றவர். பாட்டு முதலில் வீடு புகவேண்டும். பின்னர் அப்பாட்டைத் தேடி மக்கள் கொட்டகை புகுவர் என்னும் நுட்பம் அத்தொழிலில் கற்றதே ஆதல் வேண்டும் என்பது என் துணிபு. 1945இல் ஏ.வி.எம். நிறுவனத்தைத் தொடங்கி, போர்க்கால நெருக்கடியால் சென்னையை விட்டுக் காரைக்குடி தேவகோட்டைச் சாலையில் படப்பிடிப்பு நிலையம் அமைத்தார். அங்கு உருவான ‘நாம் இருவர்’ 1947இல் வெளிவந்தது. பாரதியார் பாடல்கள் அப்படத்துக்குப் பெருஞ்சிறப்பாயின. அப்பாடல்களைப் பயன்படுத்தும் உரிமையை மெய்யப்பச் செட்டியார் முன்னரே விலைகொடுத்துப் பெற்றிருந்தார். பின்னர் அவ்வுரிமை அரசிடம் சேர்ந்து நாட்டுடைமையான வரலாறு தமிழ் மாணவர் அனைவரும் அறிந்ததே.

மற்றொருவர் எஸ்.எஸ். வாசன். அவர் அடிப்படையில் விளம்பர முகவர். 1928இல் ஆனந்த விகடனை விலைக்கு வாங்கி வளர்த்தவர். 1948இல் வெளிவந்த ‘சந்திரலேகா’வைத் தமிழிலும் அவ்வாண்டின் இறுதியில் இந்தியிலும் அவர் நாடெங்கும் அறிமுகப்படுத்திய முறையைத் திரைப்பட வரலாற்றாசிரியர்கள் இன்றும் எடுத்துப் பேசுவர். மாபெரும் முரசுகளின்மீது நடனமாடும் காட்சி அப்படத்தின் அடையாளமாகவே ஆயிற்று. விழாவறைந்த முரசம் தானே விழாப் பொருளாகிவிட்டது!

இதழ்களின் அட்டைகளைப் பற்றி மிகுதியாகச் சொல்ல வேண்டியதில்லை. ‘பேசும் படம்’ 1942இலும் ‘பொம்மை’ 1966இலும் தோன்றின. ஓவியமும் நகைச்சுவைத் துணுக்கும் இடம்பெற்றிருந்த வார இதழ் அட்டைகளிலும் காலப்போக்கில் நடிகர் முகங்கள் குடியேறின. அட்டைப்படம் தானே ஒரு சுவரொட்டி. ஆனால் வீட்டுக்குள் வரவேற்கப்பட்ட சுவரொட்டி. முடிதிருத்தகத்துக்கும் தையற்கடைக்கும் அதுவே சுவர் அலங்காரம்.

பாயிர இலக்கணம் கொண்டு நோக்கின்

பாயிரம் இல்லாதது நூலே அன்று என்பது நன்னூலார் கொள்கை. சிறப்புப் பாயிரம் ஆசிரியன் பெயர், நூல் வந்த வழி, அது வழங்கும் எல்லை, நூலின் பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்னும் எட்டினை உணர்த்த வேண்டும். காலம், களம், காரணம் என்னும் மூன்றையும் உடன் சேர்ப்பாரும் உளர். இவ்வளவுகோலைச் சுவரொட்டியின்மேல் வைத்துப் பார்த்தேன். வியப்பு என்னவெனில், பெரும்பாலும் பொருந்துகிறது.

ஆசிரியன் பெயர்: இயக்குநரும் தயாரிப்பாளரும். நூற்பெயர்: படத்தின் தலைப்பு. யாப்பாவது படத்தின் ஆக்கமுறை. ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ (1956) வண்ணப்படம் என்பதும், ‘ராஜராஜ சோழன்’ (1973) சினிமாஸ்கோப் என்பதும் தலைப்புக்கு இணையான பெருமையுடன் பறைசாற்றப்பட்டன. களமாவது அடியில் அச்சிடப்படும் கொட்டகைப் பெயர்கள். கேட்போர் யாவர் என்பதற்குத் தணிக்கைச் சான்றின் வகை விடை சொல்கிறது. அவ்வகையை விளம்பரத்திலும் காட்டுதல் வேண்டும் என்று 1983ஆம் ஆண்டின் திரைப்படச் சான்றளிப்பு விதிகள் கூறின. ‘வழி’ என்பதில் மட்டும் சற்று மறைப்பு உண்டு. வேற்றுமொழிப் படத்தின் தழுவல் என்பதைச் சுவரொட்டி எளிதில் ஒப்புக்கொள்ளாது.

நூற்பெயரைப் பற்றி ஓர் இடைக்குறிப்பு. தமிழில் பெயர் சூட்டிய படங்களுக்குக் கேளிக்கை வரிவிலக்கு என்று 2006இல் தமிழக அரசு அறிவித்தது. ‘எம்டன் மகன்’ என்று விளம்பரமான படம் ‘எம் மகன்’ ஆயிற்று. ‘சம்திங் சம்திங்’ என்னும் முன்னொட்டை உதிர்த்து ‘உனக்கும் எனக்கும்’ என ஒரு படம் வந்தது. சுவரொட்டித் தமிழை இலக்கண ஆசிரியர் திருத்த இயலாதிருக்க, வரி திருத்தியது. இதனைச் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

எட்டில் இரண்டு சுவரொட்டியில் இல்லை: நுதலிய பொருளும் பயனும். படம் எதைப் பற்றியது, அதனால் யாருக்கு என்ன நன்மை என்பவை. பழைய துண்டறிக்கையில் ‘சமூகச் சித்திரம்’, ‘பக்திச் சித்திரம்’, ‘முழுநீள நகைச்சுவைச் சித்திரம்’ என்றேனும் ஒரு குறிப்பு இருந்தது. இன்று அதுவும் அருகிவிட்டது. முகம் மட்டுமே எஞ்சி நிற்கிறது.

இன்னுமொரு வேறுபாடு இதனினும் ஆழமானது. சிறப்புப் பாயிரத்தை நூலாசிரியன் தானே எழுதலாகாது. அவனுடைய ஆசிரியன், உடன்கற்றோன், மாணாக்கன், தகுதிவாய்ந்த உரைகாரன் ஆகியோருள் ஒருவரே எழுதற்குரியர். தற்புகழ்ச்சிக்குச் சில இடங்களில் மட்டும் நன்னூலார் விலக்களிக்கிறார். தன் ஆற்றலை அறியாதவரிடத்துச் சொல்லுதல் அவற்றுள் ஒன்று. திரைப்பட விளம்பரம் முழுவதும் அந்த ஒரு விலக்கின்மேல் கட்டப்பட்ட மாளிகை. ‘வணங்காமுடி’ (1957) படத்துக்குச் சென்னையில் நாயகரின் உருவத்தை ஏறத்தாழ 80 அடி உயரத்தில் மரப்பலகையால் நிறுத்தினர் என்பர். சீறாப்புராணம் பாடப்புகுந்த உமறுப்புலவரோ, பெருங்காற்றின் முன் சிற்றெறும்பு விடும் மூச்சென்று தம் பாடலைச் சொல்லிக்கொண்டார். இரண்டும் அவை முன் நிற்கும் முறைகளே. பெரியவரின் வினாவுக்கு என் முதல் விடை இதுதான்: அவையடக்கத்தைக் கற்பிக்கும் வகுப்பில் அவையதிர்ப்பையும் அருகில் வைத்துக் காட்டினால், சீறாவின் சொல் மேலும் விளங்குமேயன்றிக் குன்றாது.

இதனால் சுவரொட்டி எழுதிய கைகளைக் குறைத்து மதிப்பிடுவதாகக் கொள்ள வேண்டா. நாட்காட்டி ஓவியங்களாலும் திரைப் பதாகைகளாலும் புகழ்பெற்ற கே. மாதவன் போன்றோர் தமிழரின் கண்ணுக்கு வண்ணம் பழக்கியவர்கள். ஓவியத்தை நிறம்நிறமாகப் பிரித்து, ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியே அச்சேற்றி ஒன்றாக்கிய கல்லச்சு முறை ஏறத்தாழ ஆத்தங்குடிக் கல் செய்யும் முறையேதான். பின்னர் சிவகாசி அச்சகங்கள் பெருந்தொகையாகச் சுவரொட்டிகளை அச்சிட்டு அனுப்பின. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் கணினிப் பதாகைகள் பெருகியதும், துணியில் கட்டம் பிரித்து மாபெரும் முகங்களை வரைந்த ஓவியர் பலர் தொழிலிழந்தனர். ஆத்தங்குடிக் கல்லுக்குக் கிடைத்த மறுவாழ்வு அவர்களுக்குக் கிட்டவில்லை. பசைக்காகச் சுவரொட்டியை உரித்துத் தின்னும் மாடுகளும், நெகிழித் திரை வந்தபின் ஏமாந்திருக்கும்.

முன்னோட்டமும் வாக்குறுதியும்

ஒலியின் வழி விளம்பரத்தை வளர்த்ததில் இலங்கை வானொலிக்குத் தனியிடம் உண்டு. நம் இராமநாதபுரம், சிவகங்கை வட்டாரங்களில் அதன் அலைவரிசை தெளிவாகக் கேட்கும். கே.எஸ். ராஜா போன்ற அறிவிப்பாளர்கள் உரையாடல் துணுக்கையும் பாடலடியையும் தம் குரலால் கோத்துப் படத்தைக் காதுக்குக் காட்டினர். ‘திருவிளையாடல்’ (1965), ‘விதி’ (1984) ஆகியவற்றின் உரையாடல்கள் ஒலிப்பதிவாகவே வீட்டுக்கு வீடு ஒலித்தன. இன்று முதல் தோற்றம், முன்னோட்டம் என்று தவணை தவணையாக வெளியிட்டு, ஒரே நாளில் எத்தனை பேர் கண்டனர் என்னும் எண்ணிக்கையையே மற்றொரு விளம்பரமாக்குகின்றனர்.

முன்னோட்டத்தில் காட்டியது படத்தில் இல்லாவிடில்? இவ்வினா இந்திய உச்சநீதிமன்றம் வரை சென்றது. ‘ஃபேன்’ (2016) என்னும் இந்திப் படத்தின் முன்னோட்டத்தில் ஒரு பாடல் இருந்தது. அதனை எதிர்பார்த்துக் குடும்பத்துடன் சென்ற ஆசிரியை ஒருவர் படத்தில் அப்பாடல் இல்லாமை கண்டு நுகர்வோர் மன்றத்தை நாடினார். அவருக்கு 10,000 ரூபாய் இழப்பீடும் 5,000 ரூபாய் வழக்குச் செலவும் வழங்கும் ஆணையைத் தேசிய நுகர்வோர் ஆணையம் உறுதிசெய்தது. ஆனால் 2024 ஏப்ரல் 22 அன்று உச்சநீதிமன்றம் அதனை நீக்கியது. முன்னோட்டம் வாக்குறுதி ஆகாது. நுழைவுச்சீட்டு வாங்கத் தூண்டுவதே அதன் நோக்கம். அதிலிருந்து ஒப்பந்தம் பிறப்பதில்லை என்பது தீர்ப்பின் சாரம்.

சட்டநோக்கில் அத்தீர்ப்பைக் குறைகூற நான் தகுதியுடையவன் அல்லேன். மொழி ஆசிரியன் என்னும் முறையில் ஒன்று தோன்றுகிறது. சொல் சொன்னவனைக் கட்டுப்படுத்தாது என்றால், கேட்பவன்தான் விழிப்பாக இருத்தல் வேண்டும். அவ்விழிப்பைப் பழக்கும் இடம் மொழி வகுப்பன்றி வேறெது? இது பெரியவருக்கு என் இரண்டாம் விடை.

மூன்றாவது, என் நன்னிமாவைப் பற்றியது. கொட்டகைக்குப் போகிறவருக்குச் சுவரொட்டி பாயிரம் மட்டுமே. நூல் உள்ளே இருக்கிறது. போகாதவருக்கோ சுவரொட்டிதான் முழு நூல். நம் வீடுகளில் எத்தனையோ பெண்களுக்கும் முதியோருக்கும் திரைப்படம் என்பது தெருமுனைச் சுவரில் கண்டது மட்டுமே. கொட்டகையில் காட்டப்படும் படத்துக்கும் முன்னோட்டத்துக்கும் முன்கூட்டிய தணிக்கை உண்டு. பள்ளிக்குச் செல்லும் குழந்தையோ சுவரை நாள்தோறும் காண்கிறது. பெண்களை இழிவாகச் சித்திரித்தலைத் தடுக்கும் 1986ஆம் ஆண்டுச் சட்டம் போன்றவை, ஒட்டிய பின்னரே நடவடிக்கைக்கு இடந்தருகின்றன. பணம் கொடுத்து நுழைபவருக்குக் காவல் மிகுதி. கேளாமலே காட்டப்படுபவருக்குக் காவல் குறைவு. இம்முரணை எடுத்துரைக்க வேண்டுமாயின், சுவரில் என்ன எழுதப்பட்டிருக்கிறது என்பதை யாரேனும் ஒருவர் நின்று படித்தாக வேண்டும்.

பெரியவரிடம் இவற்றை அண்மையில் சொன்னேன். சற்று நேரம் பேசாதிருந்து, "சரி, அந்தப் பிள்ளை எழுதியதை எனக்கும் ஒரு படி கொடுங்கள்" என்றார்.

மாணவரின் குறிப்பேட்டை அதன்பின் மீண்டும் புரட்டினேன். அன்று ஆத்தங்குடிச் சுவரில் அவர் பெயர்த்தெழுதிய சுவரொட்டிகளுள் ஒன்றின் படத்தையும் ஓரத்தில் கோட்டோவியமாக வரைந்திருந்தார். தேக்குத் தூண்கள் நிறைந்த வளவில் நாயகர் அரிவாளுடன் நிற்கிறார். காலடியில் எட்டிதழ்ப் பூக்கள் கொண்ட தரை. தாளில் இயக்குநர் முதல் மக்கள் தொடர்பாளர் வரை இருபத்திரண்டு பெயர்கள் இருந்ததாக எண்ணி எழுதியிருக்கிறார். அதன் கீழே சிவப்பு மையில் ஒரு வரி: ‘தரை நம் ஊர்க் கல், ஊர்ப்பெயர் எங்கும் இல்லை.’